வீட்ல எஸ்பிரஸ்ஸோவுக்கு பாட் மெஷின் வாங்கலாமா? பால் சேர்த்து குடிக்கிறவங்க சொல்லுங்க

தாமரைக்குளம்:
வணக்கம் மக்களே. நாங்க லண்டன்ல இருக்கோம், ரெண்டு பேரும் வேலைக்கு போறோம், வீட்ல கைக்குழந்தை. காலைல ஸ்டேஷன் பக்கத்து கடையில ஃப்ளாட் ஒயிட் (எஸ்பிரஸ்ஸோல, அதாவது அழுத்தத்துல இறக்குற திக்கான காபில, பால் சேர்த்தது) வாங்கி குடிச்சே பழகிட்டோம், மாசக் கடைசில கணக்கு பாத்தா காபிக்கு மட்டும் எக்கச்சக்கமா போகுது. அதனால பாட் மெஷின் (தூள் அடைச்ச குட்டி டப்பா, அதான் பாட், அதைப் போட்டா காபி இறக்குற மெஷின்) வாங்கலாம்னு கடைக்கு போனோம், அங்க இருந்தவர் நெஸ்பிரஸ்ஸோ கம்பெனி மெஷின்ல ஒரிஜினல்ங்கிற வகை எல்லாம் பழசு, வெர்ச்சுவோங்கிற வகைதான் இப்போ, நுரை பாருங்க எவ்ளோ வருதுன்னு காமிச்சாரு. நுரை நிறையத்தான் வந்துச்சு, ஆனா குடிச்சா எனக்கு எஸ்பிரஸ்ஸோ மாதிரி இல்ல. எனக்கு வேண்டியது ஒண்ணுதான், பால் சேர்த்தாலும் காபி வாசனை தூக்கலா இருக்கணும். எது வாங்கலாம், செலவு கட்டுப்படியாகுமா, இந்த அலுமினியக் குப்பையை என்ன பண்றதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

டவராசெட்:
ராத்திரி ஃபில்டர்ல தூள் போட்டு வென்னீர் ஊத்தி வச்சுட்டு படுத்தா காலைல டிக்காஷன் ரெடி, பாலை காய்ச்சினா வேலை முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு மெஷின், கரண்ட், மாசா மாசம் பாட் ஆர்டர்? திக்கா வேணும்னா தூளை கொஞ்சம் கூட போடுங்க. நான் வெளியூர் வந்தும் இதைத்தான் செய்றேன், ஒரு நாளும் குறை தோணல.

தாமரைக்குளம்:
டவராசெட் சார், ஃபில்டர் எங்ககிட்டயும் இருக்கு, ஞாயித்துக்கிழமை அதுதான். ஆனா எனக்கு பிடிச்சுப்போன அந்த எஸ்பிரஸ்ஸோ ருசி வேற, அது டிக்காஷன்ல வராது, டிக்காஷன் ருசி இதுல வராது. நான் கேக்குறது எஸ்பிரஸ்ஸோ பத்தி மட்டும்தான்.

ஒன்பதுபார்:
சரியான கேள்வி. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

இத்தாலியில எஸ்பிரஸ்ஸோவுக்குன்னே ஒரு நிறுவனம் அளவு வச்சிருக்கு, சுமார் 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம், 88 டிகிரி பக்கம் தண்ணி, 25 செகண்ட், கப்ல 25 மில்லி. இதை மனசுல வச்சுக்கிட்டு பாட் மெஷினை பாருங்க.

நெஸ்பிரஸ்ஸோ ஒரிஜினல் பாட்ல 5லேருந்து 6 கிராம்தான் தூள் இருக்கு. மெஷின் மேல 19 பார்னு போட்டிருப்பாங்க, அது பம்ப் அதிகபட்சமா தள்ளக்கூடிய அளவு, காபி இறங்கும்போது உள்ள அவ்வளவு நிக்கிறது இல்ல, தூள் எவ்வளவு எதிர்ப்பு கொடுக்குதோ அதைப் பொறுத்துதான். ஆனா அழுத்தம் நிஜமாவே இருக்கு, பாட் மேல் பக்கம் ஊசி குத்தி தண்ணி உள்ள போகுது, அழுத்தம் ஏறினதும் கீழ் ஃபாயில் மெஷின்ல இருக்குற சின்ன சின்ன பிரமிட் முனை மேல அழுந்தி கிழிஞ்சு காபி வெளிய வருது. அளவு சின்னதே தவிர முறை எஸ்பிரஸ்ஸோ முறைதான்.

வெர்ச்சுவோ முறையே வேற. அதுல பம்ப் அழுத்தம் கிடையாது, பாட் விளிம்புல இருக்குற பார்கோடை படிச்சு நிமிஷத்துக்கு 7000 சுத்து வரைக்கும் பாட்டை சுழட்டுது, வாஷிங் மெஷின் துணியை பிழியுற மாதிரி தண்ணியை தூள் வழியா வெளிய தள்ளுது. அந்த வேகத்துல காத்து கலந்து வர்றதுதான் நீங்க பாத்த நுரை. ஒரு பெரிய மக் காபி, 230 மில்லி, கருப்பா குடிக்கிறவங்களுக்கு வெர்ச்சுவோ நல்ல மெஷின்தான், 2014ல அமெரிக்கா கனடாவுல முதல்ல இறக்குனதே அந்த ஊர் பெரிய கப் பழக்கத்துக்காகத்தான். உங்களுக்கு வேண்டியது அது இல்ல. ஒரிஜினல் வாங்குங்க, அதுலயும் விலை குறைஞ்ச சின்ன மாடல் போதும், ப்ரூ பண்ற பாகம் கிட்டத்தட்ட எல்லாத்துலயும் ஒண்ணேதான், மேல பால் டப்பா, ஸ்க்ரீன்னு ஏத்திதான் விலை ஏறுது.

நள்ளிரவு ஷிஃப்ட்:
+1 ஒரிஜினல். நான் நர்ஸ், நைட் முடிச்சு வந்து தூங்கி சாயங்காலம் எந்திரிக்கிற ஆளு, வீட்ல மத்தவங்க தூங்குற நேரத்துலதான் எனக்கு காபி. காபிக்கொட்டை அரைக்கிற கிரைண்டர் ஓட்டினா மொத்த வீடும் எந்திரிச்சுடும். பாட் மெஷின் சத்தம் அரை நிமிஷம், முடிஞ்சுது. கைக்குழந்தை இருக்குற வீட்டுக்கு இது பெரிய விஷயம், யாரும் இதை சொல்ல மாட்டாங்க. டீகாஃப் (காஃபின் எடுத்த) பாட் நாலு வாங்கி வச்சுக்கங்க, பால் குடுக்குற அம்மாவுக்கு சாயங்காலம் உதவும்.

தாமரைக்குளம்:
அக்கா ரொம்ப தேங்க்ஸ், சத்தம் பத்தி யோசிக்கவே இல்ல. ஒன்பதுபார் அண்ணா, 5 கிராம்தான் தூள்னு சொல்றீங்களே, அப்போ பால் ஊத்துனா சப்புன்னு ஆயிடாதா? ஃப்ரெண்டு வீட்ல குடிச்சப்போ அப்படித்தான் இருந்துச்சு, வெந்நீர்ல பால் கலந்த மாதிரி.

ஒன்பதுபார்:
எல்லாரும் தடுக்கி விழுற இடம் இதுதான். கடைக்காரன் உங்க ஃப்ளாட் ஒயிட்டுக்கு போடுறது டபுள் ஷாட், அதாவது ரெண்டு எஸ்பிரஸ்ஸோ அளவு, 18 கிராம் பக்கம் தூள். வீட்ல ஒரே பாட்ல லுங்கோ பட்டனை (தண்ணி நிறைய விட்டு நீளமா இறக்குறது) அமுக்கி 110 மில்லி இறக்கி, மேல 150 மில்லி பால் ஊத்தினா காபி எங்க இருக்கும்? 5 கிராம்ல இருக்குற நல்ல சரக்கு முதல் 25, 30 மில்லிலயே வந்துடும், அதுக்கப்புறம் வர்றது வெளுத்த தண்ணியும் கசப்பும்தான்.

அதனால முதல் வேலை, சின்ன பட்டனோட அளவை மாத்துங்க. பெரும்பாலான சின்ன மெஷின்ல பட்டனை அமுக்கி பிடிச்சுக்கிட்டே இருந்து வேணும்ங்கிற அளவு வந்ததும் விட்டா அதையே ஞாபகம் வச்சுக்கும். 40ல இருக்குறதை 25, 30க்கு கொண்டு வாங்க. ஒரு பாட்டுக்கு பால் 60லேருந்து 80 மில்லி, அதுக்கு மேல கூடாது. பெரிய கப் வேணும்னா ரெண்டு பாட் போடுங்க, ஒரே பாட்டை நீட்டாதீங்க. டம்ளரை வென்னீர்ல சூடு பண்ணிட்டு, பாட் இல்லாம ஒரு தடவை வெறும் தண்ணி ஓட விட்டுட்டு அப்புறம் போடுங்க, முதல் கப் ஆறிப்போய் வர்ற பிரச்சினை இதுலயே போயிடும். பாட் வாங்கும்போது பால்ல நிக்கிறதுக்கு ரோபஸ்டா (கசப்பும் திக்கும் கூடுன காபிக்கொட்டை வகை) கலந்த, டார்க்கா வறுத்த வகையா எடுங்க, பழவாசனைன்னு எழுதியிருக்குற லைட் ரோஸ்ட் பால்ல காணாமப் போயிடும்.

கணக்குப்பிள்ளை:
செலவு கேட்டீங்கல்ல, வாங்க போட்டு பாப்போம். கம்பெனி பாட் 45 பென்ஸ்னு வச்சுக்குவோம், 5.5 கிராம் தூள். ஒரு கிலோ தூளுக்கு 182 பாட், அதாவது சுமார் 82 பவுண்டு. சூப்பர்மார்க்கெட்ல அதே சைஸ் பாட் 25 பென்ஸ்னா கிலோ 45 பவுண்டு சொச்சம். நல்ல ரோஸ்டர்கிட்ட (கொட்டை வறுத்து விக்கிறவர்) கொட்டை கிலோ 28 பவுண்டுக்கு வாங்கலாம். இதோட நிறுத்தினா பாட் பகல் கொள்ளைன்னுதான் தோணும், நிறைய பேர் இங்கயே நிறுத்திடுறாங்க.

ஆனா நீங்க குடிக்கிறது கிலோ கணக்குல இல்லையே, கப் கணக்குலதானே. 18 கிராம் டபுள் ஷாட்டுக்கு கொட்டை செலவு 50 பென்ஸ். சூப்பர்மார்க்கெட் பாட் ரெண்டு, அதுவும் 50 பென்ஸ். கப்புக்கு கப் சரிசமம், தூள் மட்டும் 18க்கு பதிலா 11 கிராம். ஆளுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பாட், வீட்டுக்கு 4, வருஷத்துக்கு 1460 பாட். 25 பென்ஸ்னா 365 பவுண்டு, 45 பென்ஸ்னா 657. கொட்டை வழியில போனா தினம் ரெண்டு டபுள், வருஷம் 13 கிலோ சொச்சம், 368 பவுண்டு, அதோட கிரைண்டர் மெஷின் ரெண்டும் சேர்த்து உருப்படியா வாங்க 400 பவுண்டாவது ஆகும். அப்போ எந்த பாட் வாங்குறீங்கங்கிறதுலதான் கணக்கே இருக்கு. கம்பெனி பாட்டை விட்டு வெளிய வந்தா கட்டுப்படியாகும்.

இன்னொண்ணு, அப்படி வெளிய வர முடியுறது ஒரிஜினல்ல மட்டும்தான் சுலபம். அதோட பழைய காப்புரிமை 2012 வாக்குல முடிஞ்சதால யார் வேணா பாட் போடலாம், லவாட்சா, இல்லி மாதிரி இத்தாலி காபி கம்பெனிங்க, சின்னச் சின்ன ரோஸ்டருங்கன்னு ரகம் ரகமா இருக்கு. வெர்ச்சுவோவுக்கு அந்த பார்கோடு தடுப்பு, வெளி பாட் ரொம்ப கம்மி. கடைக்காரர் அதை ஏன் முன்னாடி வச்சாருன்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

விண்டத்தூரான்:
தங்கச்சி, நான் சுவிசில இருக்கிறன், இஞ்ச இந்தக் கப்சூல் (நீங்கள் சொல்லுற பாட்) மெஷின் இல்லாத வீடு குறைவு, இது பிறந்த நாடே இதுதானே. கண்டுபிடிச்சவர் எரிக் ஃபாவ்ர் எண்ட சுவிஸ் இஞ்சினியர், 1975இல நெஸ்லேயில சேந்தவர். அவற்ற மனிசி இத்தாலிக்காரி, ரெண்டு பேருமாய் ரோமுக்குப் போய் எந்தக் கடையில கோப்பி திறம் எண்டு பாத்துத் திரிஞ்சிருக்கினம். பாந்தியனுக்குக் கிட்ட சான்ட் யூஸ்தாகியோ எண்ட கடையிலதான் சனம் குவிஞ்சு நிண்டதாம், ஏனெண்டு பாத்தால் மற்றக் கடைக்காரர் பிஸ்டனை ஒருக்கா இழுக்க இவை நாலைஞ்சு தரம் இழுத்து விடினமாம், அப்ப காத்தும் தண்ணியும் சேந்து தூளுக்குள்ள போய் நுரையும் வாசமும் கூடுது. அதை மூடின கப்சூலுக்குள்ள செய்யலாம் எண்டுதான் அவர் யோசிச்சது. 1976இல பேட்டன்ட் எடுத்தும் விக்கத் தொடங்கினது 1986இல, அதுவும் சுவிஸ், இத்தாலி, ஜப்பானில ஆபீசுகளுக்கு, அது ஓடேல்லை. பிறகு ஜான் பால் காயார் எண்டவர் பொறுப்பெடுத்து வீட்டுச் சனத்திட்டக் கொண்டுபோன பிறகுதான் இது எழும்பினது. அதே ஆள் பிறகு வெளியில வந்து தானே ஒரு கம்பனி துவங்கி, நெஸ்பிரஸ்ஸோ மெஷினுக்குப் பொருந்துற உக்கிப்போற கப்சூல் வித்தவர் எண்டதும் உண்மை.

குப்பைக்கு வாறன். இஞ்ச பையில போட்டு தபால் பெட்டியில வச்சால் தபால்காரரே எடுத்துக்கொண்டு போவார், ஊருக்குள்ள சேக்கிற பெட்டியும் இருக்கு. நாங்கள் ஒழுங்கா குடுக்கிறம். உங்கட இடத்தில எப்பிடியெண்டு ஆராவது லண்டன் ஆக்கள் சொல்லுங்கோ.

மண்வாசம்:
லண்டன் ஆள் நான் சொல்றேன். இங்க பாட்பேக்னு ஒரு திட்டம் 2021லேருந்து இருக்கு, நெஸ்லேயும் ஜேடிஈங்கிற இன்னொரு காபி கம்பெனியும் சேர்ந்து ஆரம்பிச்சது, பை வாங்கி அலுமினியம் தனியா பிளாஸ்டிக் தனியா போட்டு ட்ராப் பாயின்ட்ல குடுக்கணும், சில கவுன்சில்ல வீட்டு வாசல்லயே எடுத்துக்கிறாங்க. சாதாரண ரீசைக்ளிங் டப்பால போட்டா சின்ன சைஸும் உள்ள ஈரத்தூளும் இருக்குறதால பெரும்பாலும் பிரிக்க மாட்டாங்க, அது குப்பைதான்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. திட்டம் இருக்குங்கிறதுக்காக ஜனம் எல்லாம் குடுக்குதுன்னு அர்த்தம் இல்ல. பை நிரம்பி கிச்சன் மூலையில வாசனை அடிச்சுக்கிட்டு கிடக்கும், ஒரு நாள் அப்படியே குப்பையில போகும், நான் பாத்த வீடுங்க நிறைய இப்படித்தான். ஜெர்மனில ஹாம்பர்க் நகர நிர்வாகம் 2016ல அரசு காசுல காபி கேப்ஸ்யூல் வாங்கவே கூடாதுன்னு நிறுத்திச்சு, சும்மா செய்யல. அஞ்சு கிராம் காபிக்கு ஒரு கிராம் அலுமினியம், பாக்சைட் தோண்டி கரண்ட்டை கொட்டி எடுக்குற உலோகம், முப்பது செகண்ட் உபயோகத்துக்கு. எனக்கு மனசு ஒப்பல.

ஒன்பதுபார்:
மண்வாசம், உங்க கவலை நியாயம், ஆனா பாதி படம்தான் அது. ஒரு கப் காபியோட பாதிப்புல பெரும்பங்கு தோட்டத்துலயும், உரத்துலயும், வீட்ல தண்ணி காய்ச்சுற கரண்ட்லயும் இருக்கு. பாட்ல தூள் அளந்து இருக்கு, தண்ணியும் அளந்துதான் சூடாகுது. 18 கிராம் அரைச்சு, ரெண்டு ஷாட் சரியா வரலன்னு சிங்க்ல ஊத்திட்டு மூணாவதை குடிக்கிறவங்களை நான் நிறைய பாத்திருக்கேன், அந்தக் கொட்டையும் எங்கேயோ யாரோ மலை ஏறி பறிச்சதுதான்.

மண்வாசம்:
தூள் மிச்சம்ங்கிறதை ஒத்துக்கறேன். ஆனா அது ஃபில்டர்லயோ, அடுப்பு மேல வச்சு காபி இறக்குற மோக்கா பாத்திரத்துலயோ கூட மிச்சமாகும், அலுமினியக் கப்பும் வேண்டாம். கம்போஸ்ட் ஆகும்னு எழுதியிருக்குற பாட் வாங்குறவங்களும் கவனிங்க, அதுல நிறைய, சூடு ஏத்தி உக்க வைக்கிற பெரிய ஆலைலதான் உக்கும், நம்ம தோட்டத்து மண்ணுல வருஷக் கணக்குல கிடக்கும்.

விண்டத்தூரான்:
இஞ்ச மிக்ரோஸ் கடை 2022இல கப்சூலே இல்லாத ஒரு முறை கொண்டுவந்தது, கோப்பியை உருண்டையா அமத்தி மேல கடற்பாசியில எடுத்த மெல்லிய பூச்சு, குடிச்சு முடிய உருண்டையை அப்பிடியே சாடிக்குள்ள போடலாம். யோசனை திறம், ஆனா அதுக்கு அவையின்ர மெஷின்தான் வேணும்.

நேப்பிள்ஸ்டீக்கடை:
மண்வாசத்துக்கும் ஒன்பதுபாருக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, யாருமே சொல்லலையே. ஈ.எஸ்.ஈ. பாட். 44 மில்லிமீட்டர் வட்டமா ரெண்டு பேப்பருக்கு நடுவுல 7 கிராம் தூளை அமுக்கி வச்சிருப்பாங்க, இல்லி ஆரம்பிச்சு வச்ச அளவு, இப்போ யார் வேணா போடலாம். நான் வேலை பாக்குற நேப்பிள்ஸ் பக்கம் வீடுகள்ல இதுதான் நிறைய ஓடுது, லோக்கல் ரோஸ்டருங்க 50, 100ன்னு பெட்டி பெட்டியா விக்கிறாங்க. தூள் முழுசா 7 கிராம், பேப்பர் உக்கிடும், சாதாரண எஸ்பிரஸ்ஸோ மெஷின் சிலதுலயும் இதுக்குன்னு தனி பாஸ்கெட் வரும், நாளைக்கு நீங்க தூளுக்கு மாறினாலும் அதே மெஷின். என்ன ஒண்ணு, அலுமினியம் மாதிரி காத்து புகாம இருக்காது, அதனால தனித்தனி கவர்ல வர்றதா பாத்து வாங்கணும், கவர் பிரிச்சா அப்பவே போட்டுடணும்.

தாமரைக்குளம்:
இது நல்லா இருக்கே! லண்டன்ல சூப்பர்மார்க்கெட்ல கிடைக்குமா?

நேப்பிள்ஸ்டீக்கடை:
இத்தாலிக்கு வெளிய ஆன்லைன்லதான் வாங்கணும். கடைக்கு போய் சட்டுனு எடுக்கணும்னா அலுமினிய பாட்தான் வசதி, அதுல சந்தேகம் இல்ல.

அடையாறுஆலமரம்:
சென்னைலேருந்து. இங்க நெஸ்பிரஸ்ஸோ கம்பெனியே லேட்டாதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி எல்லாரும் வெளிநாட்டுலேருந்து தூக்கிட்டு வந்த மெஷின்தான். ஒண்ணு சொல்றேன், ஊருக்கு கொண்டு வர்ற ஐடியா இருந்தா அமெரிக்கா கனடா மெஷின் வேண்டாம், அது 120 வோல்ட், இங்க 230ல சொருகினா போச்சு. லண்டன், சிங்கப்பூர், துபாய் மெஷின் ப்ளக் மாத்தினா போதும். இந்திய ரோஸ்டர்களே இப்போ ஒரிஜினல் சைஸ் பாட் போடுறாங்க, கூர்க், சிக்மகளூர் காபி உள்ள வருது. அப்புறம் நெஸ்பிரஸ்ஸோலயே இந்தியா பேர்ல ஒரு பாட் இருக்கு, மழைக்காத்துல ஊற வச்ச மான்சூன் ரோபஸ்டா கலந்தது, தாமரைக்குளம் கேக்குற பால்ல நிக்கிற ருசிக்கு அதை ட்ரை பண்ணுங்க, மசாலா வாசனை லேசா வரும். நம்ம ஊர் ரோபஸ்டாவை இத்தாலிக்காரன் ரொம்ப காலமா எஸ்பிரஸ்ஸோ கலவைக்குன்னே வாங்கிட்டுப் போறான், நாமதான் அது மட்டம்னு நினைச்சுட்டு இருக்கோம், எனக்கு அதுல ரொம்ப ஆதங்கம்.

டவராசெட்:
சரி ஒரு கேள்வி, ஸ்டீல்ல திரும்ப திரும்ப நிரப்புற பாட் விக்கிறாங்களே, அதுல நம்ம ஃபில்டர் தூளை போட்டா செலவும் இல்ல குப்பையும் இல்லையே?

ஒன்பதுபார்:
போடலாம், ஆனா ஃபில்டர் தூள் கொரகொரப்பு, தண்ணி தடையில்லாம ஓடிடும், அழுத்தமே ஏறாது, வெளுத்த காபிதான் வரும். சிக்கரி கலந்ததா இருந்தா வேற தொல்லை, பிசுபிசுன்னு ஆகி அடைச்சுக்கும். எஸ்பிரஸ்ஸோ பதத்துக்கு அரைச்ச சுத்தக் காபித்தூளா இருக்கணும், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி அமுக்கணும், கழுவணும். அரைச்ச தூள் பாக்கெட் பிரிச்சா கொஞ்ச நாள்ல வாசனை போயிடும், அப்போ கிரைண்டர் வேணும். கிரைண்டரும் வாங்கி அமுக்கி கழுவுற பொறுமையும் இருந்தா நேரா எஸ்பிரஸ்ஸோ மெஷினுக்கே போயிடலாம். நைட்ரஜன் அடைச்சு மூடுன பாட்ல தூள் மாசக்கணக்குல கெடாம இருக்குறது, தினம் ரெண்டே கப் குடிக்கிற வீட்டுக்கு உண்மையான லாபம்.

நள்ளிரவு ஷிஃப்ட்:
லண்டன் தண்ணி உப்புக்கறை படியுற கடினத் தண்ணி, அதையும் சொல்லிடுறேன். ஃபில்டர் ஜக் தண்ணி ஊத்துங்க, மெஷின்ல விளக்கு எரியுற வரைக்கும் காத்திருக்காம மூணு மாசத்துக்கு ஒருக்கா டீஸ்கேல் (உள்ள படிஞ்ச கறையை எடுக்குறது) பண்ணுங்க, அதுக்குன்னு விக்கிற திரவம்தான், வினிகர் வேண்டாம், ரப்பர் வளையத்துக்கு ஆகாது, நாத்தமும் லேசுல போகாது. காபி இறங்குனதும் லீவரை தூக்கி பாட்டை கீழ தள்ளிடுங்க, உள்ளயே விட்டு மறுநாள் எடுத்தா பூஞ்சை.

தாமரைக்குளம்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒரிஜினல்ல இருக்குறதுலயே சின்ன மாடல் வாங்கியாச்சு, பால் நுரைக்க தனி குட்டி மெஷின். பட்டனை 30 மில்லிக்கு மாத்தி ரெண்டு பாட் போட்டு 130 பால் ஊத்தினோம், கணவர் குடிச்சுட்டு இன்னொண்ணு கேட்டாரு. அடையாறுஆலமரம் சொன்ன இந்தியா பாட் எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு, சூப்பர்மார்க்கெட் பாட்ல ரெண்டு பிராண்ட் பாத்தோம், ஒண்ணு நல்லா இருக்கு, இன்னொண்ணு மட்டும் சில சமயம் தண்ணி ஓரமா ஒழுகி டப்பால போகுது, காபி பாதிதான் வருது. மெஷின் ரிப்பேரா இது?

கணக்குப்பிள்ளை:
அது பிளாஸ்டிக் பாட்டா அலுமினியமா?

தாமரைக்குளம்:
பிளாஸ்டிக்.

கணக்குப்பிள்ளை:
அப்போ மெஷின் நல்லாத்தான் இருக்கு. பிளாஸ்டிக் பாட் விளிம்பு அலுமினியம் மாதிரி நசுங்கி உக்காராது, லேசா சைஸ் பிசகினாலும் இடுக்குல ஒழுகும். அதே விலைக்கு அலுமினிய பாட் வேற பிராண்ட்ல கிடைக்குது, அதுக்கு மாறிடுங்க. மீதி இருக்குற பிளாஸ்டிக் பாட்டை லீவரை மெதுவா, ஒரே சீரா அமுக்கி மூடி போட்டு பாருங்க, பாதி ஒழுகல் நிக்கும்.

மண்வாசம்:
மாறும்போது பாட்பேக் பையும் சேர்த்து ஆர்டர் போட்டுடுங்க, அலுமினியத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் தனித்தனி பை, கலந்து போடாதீங்க.